அத்தையின் முழங்காலும் திருமலைப் படிகளும்

அந்தத் துண்டை நான்தான் கொடுத்தேன். என் தோளில் கிடந்த துண்டு. பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுத் தென்காசிக்கு வந்து வைத்தியம் செய்துகொண்டிருந்த டாக்டர், "ஒரு நீளத் துண்டு போதும்மா, மருந்து பெரிசா ஒண்ணும் வேண்டாம்" என்று சொன்னதும் நான் யோசிக்கவே இல்லை. தோளிலிருந்து எடுத்து அத்தையின் பக்கம் நீட்டினேன். அத்தை கையை நீட்டவில்லை. என் வீட்டுக்காரிதான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

அத்தை என்று நான் சொல்வது என் மனைவியைப் பெற்ற தாயாரை. இலஞ்சியில் அவர்களுக்கு ஒரு வீடும் கொஞ்சம் வயலும் இருந்தது. பிள்ளை என்று என் மனைவி ஒருத்திதான். சொந்தத்துக்குள் இல்லாமல், அசலில் கொடுத்து அசலில் எடுத்த சம்பந்தம். அதனால் மாப்பிள்ளை என்றால் அவர்களுக்குச் சாமிக்கு அடுத்தபடி.

எனக்குக் கல்யாணமாகி நாலாம் வருஷம் விஷ ஜுரம் கண்டது. மூன்று வாரம் கிடந்தேன். கடைசி வாரத்தில் நினைவும் தப்பிவிட்டது என்பார்கள். அப்போது அத்தை எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று, பண்பொழித் திருமலை இருக்கிற திசையைப் பார்த்து நேர்ந்துகொண்டார்களாம். மாப்பிள்ளை பிழைத்து எழுந்தால், தன் காலாலேயே மலையேறி, அடிவாரத்துப் படியிலிருந்து சந்நிதி வரை ஒவ்வொரு படிக்கும் சூடம் கொளுத்திக் கும்பிடுவதாக. நான் பிழைத்தேன். அந்த முருகன் போட்ட உயிர்தான் இன்றைக்கும் இந்த உடம்பில் ஓடுகிறது. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நேர்ச்சையை உடனே செலுத்தியிருக்கலாம். அந்த ஐப்பசியில் மாமா காலமாகிவிட்டார். ஒரு வருஷம் மலைக் கோயில் ஏறக்கூடாது என்றார்கள். அத்தை இலஞ்சி வீட்டின் உள்ளறை மூலையில் காலை மடக்கி உட்கார்ந்தவர்கள், மாதக்கணக்கில் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். வந்தவர்கள் அழுதுவிட்டுப் போவார்கள். அவர்கள் மூலையை விட்டு எழுந்திருக்கமாட்டார்கள். அப்புறம் தனியாக விட மனமில்லாமல் தென்காசிக்குக் கூட்டி வந்தோம். வண்டியிலிருந்து இறங்கும்போதுதான் கவனித்தேன். இரண்டு முழங்காலும் முழுசாக நிமிரவில்லை. கதவைப் பிடித்து, சுவரைப் பிடித்து, மகளைப் பிடித்து வந்தார்கள்.

செங்கோட்டைப் பக்கமெல்லாம் திருவிதாங்கூரை விட்டு நம் ராஜ்யத்தோடு சேர்ந்த மறு வருஷம் அது என்று நினைக்கிறேன்.

எங்கள் வீடு கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், நீளவாக்கில் மூன்று கட்டு. முன்னால் பட்டாசாலை என்கிற கூடம், நடுவில் அடுக்களை, பின்னால் முற்றம். சூடம், சாம்பிராணி, விபூதி, ஊதுபத்தி விற்கிற ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். காலையில் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை வீட்டுக்கு வந்து போவேன். நான் வந்தால் அத்தை அடுக்களை நிலைப்படிக்கு அந்தப் பக்கம் போய்விடுவார்கள். என்னோடு நேராகப் பேசினதே கிடையாது. இரண்டு முழத் தூரத்தில் நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

"ஏட்டி, மாப்பிள்ளைக்கு மோர் வேணுமான்னு கேளு."

"வேண்டாம்னு சொல்லு."

என் வீட்டுக்காரி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிடுததுக்கு எனக்கு வாய் வலிக்கி. மோர் வேண்டாமாம்மா. காதுல விழுந்துச்சா, இல்ல இன்னொரு மட்டம் சொல்லணுமா?"

நிலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு எழும்பி உடனே அடங்கும். அவ்வளவுதான். நான் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் அங்கேயே காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

வலி கூடிக்கொண்டே போனது. அத்தைக்கு வலியைப் பற்றிக் கவலை இல்லை. ஒருநாள் முற்றத்தில் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. "நேர்ந்துக்கிட்டது அப்படியே நிக்கி ஏட்டி. எனக்கு என்ன வந்தாலும் வந்துட்டுப் போகுது. மாப்பிள்ளை தலையில வந்து நிக்கக்கூடாதே." அதைக் கேட்ட பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

டாக்டர் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். "மடக்கியே வச்சதுல தொடைக்குப் பின்னால இருக்கிற தசையெல்லாம் சுருங்கிப்போச்சு. இதை நீட்டணும். தரையில உட்கார வச்சு ஒரு காலை நேரா நீட்டச் சொல்லுங்க. உள்ளங்காலுக்குத் துண்டைக் கொடுத்து, ரெண்டு நுனியையும் பிடிச்சு, விரலு நம்ம பக்கம் வாற மாதிரி மெள்ள இழுக்கணும். முழங்காலுக்கு அடிப்பக்கம் பாயில படியணும். பத்து எண்ணுத மட்டுக்கும் அப்படியே வச்சிருந்து விடணும். ஒவ்வொரு காலுக்கும் பத்து தரம். காலையில, சாயந்திரம். வெடுக்குன்னு இழுக்கப்படாது. வலி எடுத்தா விட்டுரணும். இழுவை தெரியணும், அவ்வளவுதான்."

"படி ஏற முடியுமா டாக்டர்?"

"ஆறு மாசம் ஒழுங்கா நீட்டினா மலையே ஏறலாம். விட்டுட்டா இறுகிரும். அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது."

மலையே ஏறலாம் என்று அவர் பேச்சுக்குச் சொன்னார். எனக்கு அது திருவாக்காகப் பட்டது. என் உயிருக்காக நேர்ந்த நேர்ச்சை. அதற்கு வேண்டிய கால். அந்தக் காலைக் கொடுக்கிற வேலையை முருகன் என்னிடமே ஒப்படைத்திருக்கிறான் என்று நினைத்தேன். யாரிடமும் விடக்கூடாது, நானே பக்கத்தில் இருந்து செய்ய வைக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டு வந்து பட்டாசாலையில் பாயை விரித்தேன். நல்ல காரியம் என்பதால் சாமி படத்துக்கு முன்னாலேயே விரித்தேன். விளக்கேற்றினேன். அத்தையை வரச் சொல்லி மகளிடம் சொன்னேன். வந்து உட்கார்ந்தார்கள். நான் எதிரே, படத்தடியில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

பத்து எண்ண வேண்டும் என்றார் அல்லவா டாக்டர். வெறும் ஒன்று இரண்டு என்று எண்ணுவானேன், அந்த நேரத்தையும் சாமிக்கே கொடுக்கலாமே என்று, 'சரவணபவ' என்று ஆறெழுத்தையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். இரண்டு தரம் சொன்னால் பத்து எண்ணுகிற நேரம் கணக்காகச் சரியாய் இருந்தது. எனக்கு அதில் ஒரு பெருமைகூட.

என் துண்டை அத்தை தொடவே இல்லை. பழைய சேலையிலிருந்து ஒரு கிழிசலை எடுத்து வைத்திருந்தார்கள். "துண்டுதானே நல்லாயிருக்கும், வழுக்காதே" என்றேன். "அம்மைக்கு இதுதான் கைக்குப் படியுதாம்" என்றாள் என் வீட்டுக்காரி, என் முகத்தைப் பார்க்காமல்.

சேலைத் தலைப்பு கால் விரலையும் மூடிக் கிடக்கும். கை இரண்டும் சேலைக்குள் இருக்கும். இழுக்கிற மாதிரி தோள் அசையும். பெண்பிள்ளை காலை நான் உற்றுப் பார்க்க முடியுமா? தலையைத் திருப்பிச் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டு எழுத்தைச் சொல்லுவேன். பத்து தரம் ஒரு கால், பத்து தரம் ஒரு கால். பிறகு விபூதி எடுத்துக் கொடுப்பேன். ஒருநாள் தவறவில்லை. கடையில் ஆள் நின்றாலும் சாயந்திரம் அந்த நேரத்துக்குச் சாத்திவிட்டு வருவேன்.

என் வீட்டுக்காரி இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். "நீங்க என்னத்துக்கு இப்படி ஓடி ஓடி வாறீங்க? நான் பாத்துக்கிட மாட்டேனா?"

"நீ பாத்தா ஒங்கம்மை ரெண்டு தரத்தோட எந்திச்சிருவாங்க. எனக்குத் தெரியாதா?"

"ஆமா, ஒங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் போனோம். அவர் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "செய்யலையா?"

"ஒரு நாள் விடலை டாக்டர். நானே எதிர்த்தாப்புல உக்காந்து எண்ணுதேன்."

அவர் புருவத்தைச் சுருக்கினார். "ஆச்சரியமா இருக்கே. இன்னும் மடங்கித்தானே இருக்கு." அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் சரியாகச் செய்யுங்கள் என்றார். இன்னும் சரியாகச் செய்தோம். அதாவது, இரண்டு வேளையை மூன்று வேளையாக்கினேன். ஒரு நாளைக்கு மூன்று வேளை அந்த மனுஷியை அப்படி உட்கார வைத்திருக்கிறேன்.

அந்த ஆனியில் சாரல் நல்லபடியாக இறங்கியது. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் எப்பேர்ப்பட்ட மூட்டும் இளகும் என்று எல்லாரும் சொன்னார்கள். பத்து நாளைக்கு ஓர் அறை எடுத்து அத்தையையும் மனைவியையும் அங்கே தங்க வைத்தேன். கடையைப் பூட்டிவிட்டுத் தினமும் மத்தியான பஸ்ஸில் போய் வருவேன். பெண்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற ஓர் அம்மாள் வந்துகொண்டிருந்தாள். நல்ல கறுப்பு, கை இரும்பு மாதிரி, வாய் அதைவிட.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, நான் போனபோது அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தேய்ப்பு நடக்கிறது என்று தெரிந்து, வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு சாரலில் நின்றேன். ஒரு குரங்கு கம்பியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கதவு திறந்து அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்கதான் மாப்பிள்ளையா?"

"ஆமா."

"ஒங்க அத்தைக்கு இடது கால் நீளுது. முழுசா இல்ல. முக்காவாசி. இப்பம் நீட்டிக் காட்டினாக."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அருவித் தண்ணியோட மகிமை" என்றேன்.

"தண்ணியுமில்ல, எண்ணெயுமில்ல. இங்கன நீங்க இல்ல. அதான் மகிமை."

"என்ன சொல்லுதீக?"

"கேக்கேன்னு கோவிச்சுக்கிடாதீக. எதிர்க்க மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்குப் பின்னால சாமி படம். வாயில முருகன் பேரு. எந்தப் பொம்பளை அண்ணாச்சி காலை நீட்டுவா? ஒங்களைப் பெத்த அம்மையை அப்படி ஒங்க மாமனாருக்கு முன்னால உக்கார வச்ச மாதிரி நெனச்சுப் பாருங்க." சொல்லிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

குடையைப் பிடித்தபடியே நின்றேன். குற்றாலத்துச் சாரல் நனைக்கிறதா இல்லையா என்று தெரியாது. ஆனால் அன்றைக்கு முழுசாக நனைந்திருந்தேன்.

என் வீட்டுக்காரி வெளியே வந்தாள். நான் கேட்பதற்கு முன்னாலேயே அழுதாள். "ஒங்க தோள் துண்டைக் காலால தொடுவாளா? சேலைக்குள்ள முழங்காலை மடக்கித்தான் வச்சிருப்பா. வெறும் கையைத்தான் ஆட்டுவா. ஒங்ககிட்ட சொல்லப்பிடாதுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா."

"ஏன், என்கிட்ட சொன்னா என்ன?"

"'மாப்பிள்ளை எனக்காகக் கடையைச் சாத்திட்டு ஆசையா வந்து உக்காருதாக. எந்திச்சுப் போங்கன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்'னு கேட்டா. நான் என்ன செய்ய?"

எட்டு மாதம். அவ்வளவு காலத்தையும் என் ஆசை தின்றுவிட்டது.

தென்காசிக்குத் திரும்பியதும் பாயைச் சாமி படத்தை விட்டு அடுக்களைக்குப் பின்னால் முற்றத்து ஓரத்துக்கு மாற்றச் சொன்னேன். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருக்கமாட்டேன். கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவேன். வாசலில் நின்று கனைத்துவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பேன். ஒருநாள் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டேன். கனைக்கப் போனவன், பேச்சுக் கேட்டு நின்றேன்.

"...எட்டு, ஒம்பது, பத்து. விடும்மா."

"ஏட்டி, நீ என்ன இப்படிப் பறக்க? அடுப்புல என்ன வச்சிருக்க?"

"நிதானமா எண்ணினா வலிக்கின்னு சொல்லுவ."

"வலிச்சாத்தான் என்ன. மாப்பிள்ளை சொல்லுத ஒரு சரவணபவாவுக்குள்ள நான் இலஞ்சிக்குப் போயி வயலைப் பாத்துட்டு வந்திருவேன். அவுக ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவுல கண்ணை வேற மூடிக்கிடுவாக."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அத்தை வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று கேட்டேன். திரும்பி, கோயிலை இன்னொரு சுற்றுச் சுற்றினேன். சுவாமியிடம் என்ன வேண்டினேன் என்று நினைவில்லை.

கொஞ்ச நாள் கழித்து டாக்டரிடம் போனபோது, அவர் இடது காலைத் தடவிப் பார்த்து, "இது வந்திரும்" என்றார். வலது காலைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். "இது இறுகிப்போச்சும்மா. இருக்கிறது மேலும் கெடாம இருக்க, நீட்டிக்கிட்டே இருங்க." அத்தை அதற்கும் தலையை ஆட்டினார்கள். ஒரு வேளைகூட விடவில்லை. நிமிராத காலையும் நீட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்த தை மாதம் அவர்களே கேட்டார்கள், மகள் வழியாகத்தான். "ஒரு தரம் போய்ப் பாப்போம்னு சொல்லு. முருகன் கூப்பிடுத மாதிரி இருக்கு."

கடையிலிருந்து நல்ல சூடமாகப் பொறுக்கி ஒரு தகர டப்பா நிறைய எடுத்துக்கொண்டேன். பண்பொழியில் இறங்கி அடிவாரம் போகும்போது வெயில் ஏறவில்லை. முதல் படியில் அத்தை குனிந்து சூடத்தை வைத்தார்கள். குச்சியைக் கிழித்து மகள் கொடுத்தாள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அந்தப் படியிலேயே உட்கார்ந்து, காலை நீட்டி, கையால் முழங்காலை அழுத்தி, பிறகு எழுந்து அடுத்த படிக்கு வர வேண்டும். அப்படி உட்கார்ந்து நீட்டாமல் வலது கால் எழும்பாது.

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். எனக்கு இந்தத் தடவை விளங்கியது. நான் கீழே இறங்கி, மரத்தடிக்குப் போய், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். எதிரே வயல். நாற்று நட்டு முடிந்து பச்சை பிடித்திருந்தது. பின்னால் சூட வாசனை மட்டும் காற்றில் வந்துகொண்டிருந்தது. அது வருகிற வரைக்கும் ஏறுகிறார்கள் என்று அர்த்தம். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. பிறகு வாசனை நின்றுவிட்டது. காற்று மாறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

பூ விற்கிற பெண் ஒருத்தியும் என் வீட்டுக்காரியுமாகத் தாங்கிக் கூட்டி வந்தார்கள். அத்தையின் உதடு வெளுத்திருந்தது. டப்பாவில் சூடம் பாதிக்கு மேல் மிச்சம். மரத்தடியில் உட்கார வைத்ததும், அவர்கள் மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

"மாப்பிள்ளை, பாக்கி நிக்கி. மன்னிச்சிருங்க."

என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். கால் கொடுக்கிறேன் என்று போய்க் காலைக் கெடுத்தவன். அதைச் சொல்லியிருக்க வேண்டும். "அதுக்கென்ன அத்தை, அடுத்த வருஷம் பாத்துக்கிடுவோம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அடுத்த வருஷம் வரவில்லை. ஐப்பசி அடைமழையில் நெஞ்சில் சளி கட்டி, ஒரே வாரத்தில் போய்விட்டார்கள்.

பட்டாசாலையில் கிடத்தியிருந்தார்கள். தெருப் பெண்கள் வந்து கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டினார்கள். இடது கால் நேராகப் படிந்தது. வலது முழங்கால் மட்டும் கோடித் துணிக்குள் கொஞ்சம் தூக்கினாற்போலவே இருந்தது. வயதான ஒருத்தி மெதுவாக அமுக்கிப் பார்த்தாள். நான் காலடியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி தலையைத் தூக்கினாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"அங்கன நிக்காதீங்க. தலைமாட்டுக்கு வாங்க. அம்மைக்குக் கூச்சமா இருக்கும்."

நான் தலைமாட்டுக்குப் போனேன்.

அந்த வருஷம் முடிகிற வரை நாங்கள் மலையேறவில்லை. முடிந்ததும் அதே தகர டப்பாவை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பண்பொழிக்குப் போனோம். அத்தை விட்ட படியிலிருந்து நான் தொடர வேண்டும் என்பது என் எண்ணம்.

"எந்தப் படி வரைக்கும் வந்தாங்க?" கொஞ்சப் படி ஏறி நின்று கேட்டேன்.

என் வீட்டுக்காரி அண்ணாந்து பார்த்தாள். "அந்த வளைவுக்குக் கீழன்னு நெனைக்கேன். அம்மை சாஞ்சதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எண்ணலீங்களே. நீங்க பாத்திருப்பீங்கள்லா?"

நான் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு வயலைப் பார்த்து நின்றவன் நான். பார்க்கக்கூடாத நேரமெல்லாம் எதிரே உட்கார்ந்து பார்த்துவிட்டு, பார்த்திருக்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டேன். படியெல்லாம் மழை கழுவிச் சுத்தமாகக் கிடந்தது. சூடம் கொளுத்திய கரி எந்தக் கல்லிலும் இல்லை.

எனக்காக நேர்ந்த நேர்ச்சையை நானே செலுத்தினால் அது அத்தை கணக்கில் சேருமா என்று எனக்குத் தெரியாது. மேலே ஏறியதும் அர்ச்சகரிடம் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. முருகனுக்குத் தெரிந்திருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். இன்றைக்கும் அப்படித்தான் விட்டு வைத்திருக்கிறேன்.

எந்தப் படி என்று தெரியாததால், முதலிலிருந்தே தொடங்க அன்றைக்கு அடிவாரத்துக்கே இறங்கி வந்தோம். முதல் படியில் குனிந்து ஒரு சூடத்தை வைத்தேன். என் வீட்டுக்காரி குச்சியைக் கிழித்துக் கொடுத்தாள்.